ஜோடி சேர்ந்தால்தான் சாவி: டேட்டாபேஸ் வரைபடக் கருவிகளில் கூட்டு ஃபாரின் கீ

இரண்டாம் கட்டடத்தில் 304 என்று ஓர் அறையே கிடையாது. அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். ஆனால் முன்பதிவு டேபிளைத் திறந்தால் ‘கட்டடம் 2, அறை 304, காலை 10 மணி’ என்று ஒரு பதிவு இருக்கிறது. டேட்டாபேஸ் அதை மறுப்பேதும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டது. கட்டடம் 2 என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 304 என்ற எண்ணில் அறை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஒன்றாம் கட்டடத்தில். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். இரண்டையும் சேர்த்து, ‘இரண்டாம் கட்டடத்தின் 304 இருக்கிறதா’ என்று யாருமே கேட்கவில்லை.

அந்தச் சேர்ந்த கேள்விதான் கூட்டு ஃபாரின் கீ. ஒரு டேபிளின் இரண்டோ அதற்கு மேலோ நெடுவரிசைகள் ஒன்றாகச் சேர்ந்து இன்னொரு டேபிளின் ஒரே பதிவைச் சுட்டுவது. இது பிற்பாடு ஒட்டவைத்த வசதி இல்லை. எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்த கட்டுரையிலேயே, ஃபாரின் கீ என்பது ஒரு புலமாகவும் இருக்கலாம், புலங்களின் சேர்க்கையாகவும் இருக்கலாம் என்றுதான் வரையறுத்தார். டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் எஸ்க்யூஎல் மொழியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது: ஃபாரின் கீ (கட்டட_எண், அறை_எண்) ரெஃபரன்சஸ் அறை (கட்டட_எண், அறை_எண்). ஒரே அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள். இரண்டு பெயர் இருந்தாலும் இது ஒரே கட்டுப்பாடு.

எழுதும்போது இவ்வளவு தெளிவாக இருப்பது, படமாக வரையும்போது குழம்பிவிடுகிறது. வரைபடக் கருவியில் நம் கையில் இருப்பது பெட்டிகளும் கோடுகளும்தான். ஒரு ஜோடியைச் சுட்டும் ஒரு கட்டுப்பாட்டை எத்தனை கோடாக வரைவது? கோட்டின் முனை டேபிளைத் தொட வேண்டுமா, நெடுவரிசையைத் தொட வேண்டுமா? இது அழகு பற்றிய கேள்வி போலத் தெரியும். ஆனால் படத்திலிருந்துதான் எஸ்க்யூஎல் பிறக்கிறது என்னும்போது, கோட்டைப் பற்றிக் கருவி எடுத்த முடிவு தரவின் மேல் வந்து விழுகிறது.

முதலில் அந்த 304 எப்படி உள்ளே வந்தது என்று பார்த்துவிடலாம். அறை டேபிளின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் சாவி, (கட்டட_எண், அறை_எண்) என்ற ஜோடி. எல்லாக் கட்டடத்திலும் 101 இருக்கும் என்பதால் அறை எண் மட்டும் தனித்தன்மை உடையது அல்ல. படம் வரைந்தவர் முன்பதிவிலிருந்து கட்டடத்துக்கு ஒரு கோடு, அறையின் அறை_எண் நெடுவரிசைக்கு ஒரு கோடு என்று இரண்டு இழுத்துவிட்டார். டேட்டாபேஸ் மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் இரண்டாவது கோட்டை ஏற்காது. சுட்டப்படும் நெடுவரிசைகள் யூனிக்காக, அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வராதபடி இருக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்திவிடும். இன்னொரு மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி நெடுங்காலம் இதில் தளர்வாக இருந்தது. அந்த நெடுவரிசை முதலாவதாக வரும் ஓர் இண்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசை போன்ற பட்டியல்) இருந்தால் போதும், அது யூனிக்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுவிடும். தேடல் வேகமாக இருக்கட்டும் என்று யாரோ அறை_எண்ணுக்குத் தனி இண்டெக்ஸ் போட்டிருந்தால், அந்தத் தவறான ஃபாரின் கீயும் எதிர்ப்பில்லாமல் உருவாகிவிடும். 2024இல் வந்த 8.4 பதிப்பிலிருந்துதான் இப்படிப்பட்ட சுட்டலை இயல்பாகவே தடுக்கிறார்கள். பழைய பதிப்புகளில் ஓடும் டேட்டாபேஸ்கள் இன்னும் ஏராளம்.

கோட்டை இழுத்ததும் என்ன நடக்கிறது

பெரும்பாலான கருவிகளில் உறவு வரைவது ஒரே மாதிரிதான். மைஎஸ்க்யூஎல்லுக்கான வரைபடக் கருவி மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப்பல உறவின் பொத்தானை அழுத்தி, முதலில் பிள்ளை டேபிளையும் (சுட்டுவது) அப்புறம் தாய் டேபிளையும் (சுட்டப்படுவது) சொடுக்கினால் போதும். தாயின் பிரைமரி கீயில் எத்தனை நெடுவரிசைகள் உண்டோ அத்தனையும் பிள்ளையில் புதிதாக முளைக்கும். பெயர், டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் சேர்ந்தது. முன்பதிவிலிருந்து அறைக்குக் கோடு இழுத்தால் அறை_கட்டட_எண், அறை_அறை_எண் என்று இரண்டு வரும். கோடு ஒன்று, கட்டுப்பாடு ஒன்று, ஜோடி சரியாக இருக்கிறது. இதுவரை குறையே இல்லை.

கோடு முழுதாக இருந்தால் அடையாள உறவு, விட்டுவிட்டு இருந்தால் அடையாளமற்ற உறவு. முதல் வகையில் தாயின் சாவி பிள்ளையின் பிரைமரி கீக்குள்ளேயே புகுந்துவிடும். கட்டடத்துக்கும் அறைக்கும் இடையே இருப்பது அதுதான். கட்டடத்தைச் சொல்லாமல் அறையை அடையாளம் காட்ட முடியாது. முன்பதிவுக்குச் சொந்தமாக முன்பதிவு_எண் இருப்பதால் அதிலிருந்து அறைக்குப் போவது இரண்டாம் வகை. கோட்டின் நுனியில் இருக்கும் காக்கைக்கால் குறி ‘ஒன்றா, பலவா’ என்பதை மட்டும் சொல்லும். எத்தனை நெடுவரிசைகள் சேர்ந்து சுட்டுகின்றன என்பதற்கு அதில் அடையாளமே கிடையாது.

இப்போது தேவையில் ஒன்று கூடுகிறது. ஒவ்வொரு கட்டடத்திலும் சில புரொஜெக்டர்கள் உண்டு, அவை அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. அவற்றை வைக்கும் டேபிளுக்குக் ‘கருவி’ என்று பெயர், அதன் பிரைமரி கீ (கட்டட_எண், கருவி_எண்). முன்பதிவு செய்பவர் வேண்டுமானால் ஒரு கருவியும் கேட்கலாம், ஆனால் அது அதே கட்டடத்தின் கருவியாக இருக்க வேண்டும். சரி, முன்பதிவிலிருந்து கருவிக்கு இன்னொரு கோடு இழுக்கிறோம். கருவி_கட்டட_எண், கருவி_கருவி_எண் என்று மேலும் இரண்டு நெடுவரிசைகள் முளைக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். முன்பதிவு டேபிளில் இப்போது இரண்டு கட்டட எண்கள் இருக்கின்றன. அறைக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. ஒன்றாம் கட்டடத்தின் அறைக்கு நான்காம் கட்டடத்தின் புரொஜெக்டரைப் பதிந்தால் இரண்டு கட்டுப்பாடுகளும் தடுக்காது. படமோ அப்பழுக்கில்லாமல் இருக்கும். மூன்று பெட்டிகள், இரண்டு கோடுகள், காக்கைக்கால் எல்லாம் அதனதன் இடத்தில். இப்படி ஒரு படத்தைப் பல மாதங்கள் என் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்த ஒருவரும் கோட்டில் தவறு காணவில்லை. தவறு கோட்டில் இல்லை, பெட்டிக்குள் ஒரு நெடுவரிசை கூடுதலாக இருந்ததுதான் தவறு.

நமக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டட_எண். அதை இரண்டு ஃபாரின் கீகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும்: (கட்டட_எண், அறை_எண்) அறையைச் சுட்டட்டும், (கட்டட_எண், கருவி_எண்) கருவியைச் சுட்டட்டும். ‘ஒரே கட்டடமாக இருக்க வேண்டும்’ என்ற விதியைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை. எண் ஒன்றுதான் என்பதால் விதி தானாகவே நிறைவேறிவிடும். கூட்டு ஃபாரின் கீயின் முழுப் பலனும் இந்தப் பகிர்வில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜோடியாகச் சுட்டுவது அதன் பாதிதான்.

வரைபட முறைகளை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அமெரிக்க அரசு 1993இல் ஃபிப்ஸ் 184 என்று தரநிலையாக வெளியிட்ட ஐடெஃப்1எக்ஸ் முறையில் இதற்கென்றே விதி உண்டு. ஒரே நெடுவரிசை இரண்டு வழிகளில் ஒரு டேபிளுக்குள் இறங்கினால், பெயர் ஒன்றாக இருக்கும்வரை அதை ஒன்றாகவே இணைத்துவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு பொருளில் வருகின்றன என்றால் (புறப்படும் கட்டடம், சேரும் கட்டடம் என்பதுபோல்) வரைபவர் பாத்திரப்பெயர் கொடுத்துப் பிரித்து வைக்கலாம். அதாவது இணைப்பதுதான் இயல்பு, பிரிப்பதுதான் வெளிப்படையாகச் செய்யும் முடிவு. இன்றைய இலகுவான கருவிகள் பலவற்றில் இது தலைகீழாகிவிட்டது. அவை கேட்காமலே பிரித்துவிடுகின்றன, இணைக்க வேண்டுமானால் நாம்தான் மெனக்கெட வேண்டும்.

வொர்க்பெஞ்சில் அதற்கும் வழி உண்டு. இருக்கும் நெடுவரிசைகளையே வைத்து உறவு வரையும் தனிப் பொத்தான் ஒன்று கருவிப்பட்டையில் இருக்கிறது. பிள்ளையில் கட்டட_எண்ணையும் கருவி_எண்ணையும் தேர்ந்தெடுத்து, அப்புறம் தாயில் அவற்றுக்கு இணையானவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேபிளைத் திருத்தும் பகுதியில் ஃபாரின் கீ பட்டியலுக்குள் போய் ஒவ்வொன்றாகக் குறித்தும் செய்யலாம். நான் எப்போதும் இரண்டாவது வழியையே எடுக்கிறேன். எந்த நெடுவரிசை எதனோடு சேர்கிறது என்பது அங்கேதான் பக்கத்துப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜோடியில் வரிசை முக்கியம். டேட்டாபேஸ் பெயரைப் பார்த்துப் பொருத்துவதில்லை, இடத்தைப் பார்த்துத்தான் பொருத்துகிறது. பிள்ளைப் பக்கம் (அறை_எண், கட்டட_எண்) என்றும் தாய்ப் பக்கம் (கட்டட_எண், அறை_எண்) என்றும் எழுதினால், இரண்டுமே முழு எண் வகை என்பதால் பிழைச்செய்தி வராது. அறை எண் கட்டட எண்ணோடு ஒப்பிடப்படும். கட்டடங்களுக்கும் அறைகளுக்கும் சிறிய எண்களாகவே இருந்தால் சில பதிவுகள் தற்செயலாகப் பொருந்தியும் போகும். அதுதான் இன்னும் மோசம்.

ஐடி ஒன்று போதாதா?

இங்கே பலர் கேட்பது: ஒவ்வொரு டேபிளுக்கும் தானாக ஏறும் ஓர் ஐடி கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காதே? அறைக்கு ஓர் ஐடி, கருவிக்கு ஓர் ஐடி, முன்பதிவில் அறை_ஐடி, கருவி_ஐடி. கோடுகளெல்லாம் ஒற்றை. எந்தக் கருவியிலும் அழகாக வரும். ‘கட்டடம் 2, அறை 304’ என்ற பிரச்சினையும் தீர்ந்துவிடும், ஏனென்றால் இல்லாத அறைக்கு ஐடியும் இருக்காது.

ஆனால் புரொஜெக்டர் பிரச்சினை அப்படியே நிற்கிறது. அறை_ஐடி 17 ஒன்றாம் கட்டடத்தில் இருக்கலாம், கருவி_ஐடி 52 நான்காம் கட்டடத்தில் இருக்கலாம், இரண்டும் ஒரே முன்பதிவில் சேரலாம். கட்டடம் என்ற தகவல் முன்பதிவிலேயே இல்லாததால் தடுப்பதற்கு வழியில்லை. கட்டடம் என்ற இடத்தில் ‘வாடிக்கையாளர் நிறுவனம்’ என்று வைத்துப் பாருங்கள். ஒரே டேட்டாபேஸில் பல நிறுவனங்களின் தரவை வைத்திருக்கும் மென்பொருள்களில் இது விளையாட்டுக் காரியமில்லை. ஒரு நிறுவனத்தின் பில் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரோடு இணைந்துவிடலாம். நிரலில் சரிபார்க்கிறோம் என்பார்கள். நிரல் பத்து இடத்தில் எழுதப்படும், பதினொன்றாவது இடத்தில் மறந்துபோகும். டேட்டாபேஸின் கட்டுப்பாட்டுக்கு மறதி கிடையாது.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளவும் முடியும். ஐடியே பிரைமரி கீயாக இருக்கட்டும். கூடவே (கட்டட_எண், ஐடி) என்ற ஜோடிக்கு ஒரு யூனிக் கட்டுப்பாடு போட்டு, முன்பதிவின் ஃபாரின் கீ அந்த ஜோடியைச் சுட்டட்டும். ஐடி தனியாகவே யூனிக் என்பதால் இந்த யூனிக் கட்டுப்பாடு வீண் போலத் தோன்றும். ஆனால் அது இருந்தால்தான் ஃபாரின் கீ ஜோடியாக அங்கே போய்ச் சேர முடியும். இதில் வரைபடக் கருவிக்கு ஒரு சோதனை இருக்கிறது: பிரைமரி கீயை மட்டுமல்லாமல் வேறொரு யூனிக் கீயையும் சுட்ட அது விடுகிறதா? விடாவிட்டால் இந்த அமைப்பைப் படத்தில் காட்டவே முடியாது.

நிரல் பக்கத்தில் நிலைமை மெதுவாகத்தான் மாறுகிறது. இணையச் செயலிகள் எழுத உதவும் நிரல் சட்டகங்களில் ரெயில்ஸ் 2023இல் வந்த 7.1 பதிப்பில் கூட்டுப் பிரைமரி கீயை ஏற்றுக்கொண்டது. ஜாங்கோ 2025இல் 5.2 பதிப்பில் ஏற்றுக்கொண்டது, ஆனால் அந்தப் பதிப்பில் அதைச் சுட்டும் ஃபாரின் கீ எழுத முடியாது. கருவிகள் ஒற்றைச் சாவியையே வழக்கமாக எடுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாதி காலியாக இருந்தால்

ஜோடியில் ஒன்று மட்டும் ‘நல்’ஆக, அதாவது மதிப்பே இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒற்றை ஃபாரின் கீயில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எஸ்க்யூஎல் தரநிலை இதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது. எளிய பொருத்தம் என்பதுதான் இயல்பானது: ஒன்று ‘நல்’ஆக இருந்தாலும் மொத்தச் சோதனையையும் விட்டுவிடு. முழுப் பொருத்தம் என்றால், எல்லாமே ‘நல்’ஆக இரு, அல்லது எதுவுமே ‘நல்’ஆக இராதே. பகுதிப் பொருத்தம் என்றால், இருக்கிற மதிப்புகளுக்காவது பொருந்தும் பதிவு ஒன்று இருக்க வேண்டும். மூன்றாவதை போஸ்ட்கிரெஸ் செயல்படுத்தவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் எளிய பொருத்தம் மட்டும்தான். மற்றவற்றை எழுதினால் பயனில்லை என்பதோடு, உடன் எழுதிய நீக்கல், மாற்றல் விதிகளையும் அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

நம் முன்பதிவுக்கு எளிய பொருத்தம்தான் சரி. கருவி வேண்டாம் என்பவருக்குக் கட்டட_எண் இருக்கும், கருவி_எண் நல். முழுப் பொருத்தம் வைத்தால் கருவி கேட்காத எந்த முன்பதிவும் உள்ளே வராது. ஆனால் அறைப் பக்கம் எச்சரிக்கை வேண்டும். அறை_எண் ‘நல்’ஆக இருக்கலாம் என்று விட்டுவிட்டால், ‘கட்டடம் 99, அறை நல்’ என்பதும் அறைச் சோதனைக்கு உட்படாமலே நுழைந்துவிடும். அறை_எண்ணுக்கு நல் கூடாது என்ற விதி கட்டாயம் தேவை.

நீக்கும்போது இன்னொரு முடிச்சு. ஒரு புரொஜெக்டர் பழுதாகி அதன் பதிவை நீக்குகிறோம். முன்பதிவு இருக்கட்டும், கருவி மட்டும் காலியாகட்டும் என்று ‘நீக்கினால் நல் ஆக்கு’ விதியைத் தேர்ந்தெடுக்கிறோம். வரைபடக் கருவியின் கீழ்விரி பட்டியலில் அது ஒரே ஒரு சொடுக்குத்தான். ஆனால் அந்த விதி ஜோடி முழுவதற்கும் பொருந்தும். கருவி_எண்ணோடு சேர்ந்து, அறையும் பகிர்ந்துகொள்ளும் கட்டட_எண்ணையும் நல் ஆக்கப் பார்க்கும். கட்டட_எண்ணுக்கு நல் கூடாது என்று வைத்திருந்தால், இன்னோடிபி அந்த ஃபாரின் கீயை உருவாக்கவே மறுக்கும். போஸ்ட்கிரெஸ் உருவாக்கிவிட்டு, நீக்கும் நேரத்தில் பிழை காட்டும். 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15இல்தான் இதற்கு நேரான தீர்வு கிடைத்தது. நல் ஆக்க வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் அடைப்புக்குறிக்குள் குறிப்பிடலாம்: நீக்கினால் கருவி_எண்ணை மட்டும் நல் ஆக்கு. ஃபாரின் கீ முழுவதற்கும் ஒரே பட்டியலை மட்டும் காட்டும் வரைபடக் கருவியில் இதைச் சொல்ல இடமிருக்காது. எஸ்க்யூஎல்லைக் கையால் திருத்த வேண்டும், அடுத்த முறை படத்திலிருந்து மறுபடி உருவாக்கும்போது அந்தத் திருத்தம் போய்விடும்.

கருவியின் வயிற்றுக்குள்

இவ்வளவுக்கும் வேர் ஒன்றுதான்: வரைபடக் கருவி தனக்குள் உறவை எப்படிச் சேமித்து வைக்கிறது என்பது. எளிய கருவி, ஒவ்வொரு நெடுவரிசையோடும் ‘நீ எதைச் சுட்டுகிறாய்’ என்று ஒரு குறிப்பை ஒட்டிவைக்கும். ஒற்றைச் சாவிக்கு இது போதும். கூட்டுச் சாவிக்குப் போதவே போதாது. அறை_எண் அறையைச் சுட்டுகிறது, கட்டட_எண்ணும் அறையைச் சுட்டுகிறது என்று இரண்டு குறிப்புகள் இருந்தால், அவை ஒரே கட்டுப்பாட்டின் இரண்டு பாதிகளா, இரண்டு தனிக் கட்டுப்பாடுகளா என்று யாராலும் சொல்ல முடியாது. நம் கட்டட_எண் இரண்டு ஃபாரின் கீகளில் பங்கு வகிக்கிறது. ஒரு குறிப்பு மட்டும் ஒட்டும் இடத்தில் இரண்டை எப்படி ஒட்டுவது?

சரியான அமைப்பில் ஃபாரின் கீ தனிப்பொருளாக இருக்கும். அதற்கென்று ஒரு பெயர், நீக்கல் விதி, அதற்குக் கீழே வரிசை எண்ணோடு ஜோடிகளின் பட்டியல்: 1, பிள்ளையின் கட்டட_எண், தாயின் கட்டட_எண், 2, பிள்ளையின் அறை_எண், தாயின் அறை_எண். டிபிடயகிராம் என்ற வரைபடக் கருவி பயன்படுத்தும் டிபிஎம்எல் எழுத்துமுறையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். நெடுவரிசையின் பக்கத்திலேயே உறவை எழுதும் சுருக்கவழி ஒற்றைச் சாவிக்கு மட்டும். கூட்டுச் சாவிக்குத் தனி வரியில் முன்பதிவு.(கட்டட_எண், அறை_எண்) > அறை.(கட்டட_எண், அறை_எண்) என்று அடைப்புக்குறி போட்டு எழுத வேண்டும்.

படத்தில் எப்படிக் காட்டுவது என்பதில் கருவிகளுக்குள் ஒற்றுமை இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஜோடியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கோடு வரையும். எது எதனோடு சேர்கிறது என்பது அதில் தெளிவு, ஆனால் உறவு ஒன்றா இரண்டா என்பது தெரியாது. எஸ்க்யூஎல் சர்வரின் வரைபடம் டேபிளுக்கும் டேபிளுக்கும் இடையே ஒரே கோடு போடும். உறவு ஒன்று என்பது தெளிவு, ஜோடி மறைந்துவிடும். என் விருப்பம் ஒரே கோடு, அதைத் தொட்டால் இரு பக்கமும் ஜோடிகள் ஒளிர வேண்டும். அதோடு ஒரு நெடுவரிசை இரண்டு உறவுகளில் பங்குபெறுகிறது என்றால் அதற்கு ஒரு குறியும் பெட்டிக்குள் வேண்டும்.

எதிர்த் திசையிலும், அதாவது இருக்கும் டேட்டாபேஸைப் படமாக்கும்போதும் இதே பிசகு தலைகாட்டும். டேட்டாபேஸ் தன் அமைப்பைத் தானே விவரிக்கும் தரநிலைத் தகவல் பட்டியலில் பிள்ளையின் நெடுவரிசைகளும் தாயின் நெடுவரிசைகளும் தனித்தனியே கிடக்கும். கட்டுப்பாட்டின் பெயரை மட்டும் வைத்து இரண்டையும் இணைத்தால், இரண்டு நெடுவரிசைச் சாவிக்கு நான்கு வரிகள் வரும், மூன்றுக்கு ஒன்பது. கட்டட_எண் அறை_எண்ணைச் சுட்டுவதாகவும் ஒரு வரி இருக்கும். எந்த நெடுவரிசை தாயின் எத்தனையாவது இடத்துக்கு உரியது என்று சொல்லும் எண்ணையும் சேர்த்து இணைத்தால்தான் இரண்டு வரி வரும். போஸ்ட்கிரெஸில் கட்டுப்பாட்டுப் பெயர் ஒரு டேபிளுக்குள் மட்டும்தான் தனித்தன்மை உடையது என்பதால் பெயரை நம்புவது இன்னும் ஆபத்து. அங்கே சொந்தப் பட்டியலில் இரண்டு பக்க நெடுவரிசை எண்களும் இணையான வரிசையில் கிடைக்கின்றன, அவற்றைப் படிப்பதே நல்லது. மைஎஸ்க்யூஎல் இரண்டு பக்கத்தையும் ஒரே வரியில் தருவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

புதிய வரைபடக் கருவி ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் வரைவது இந்தக் கட்டடத்தைத்தான். கட்டடம், அறை, கருவி, முன்பதிவு என்று நான்கு பெட்டிகள். அறைக்கும் கருவிக்கும் கோடு இழுத்துவிட்டு, முன்பதிவில் எத்தனை கட்டட எண்கள் முளைத்தன என்று எண்ணுகிறேன். இரண்டு என்றால் ஒன்றை நீக்கி, மற்றதை இரண்டு உறவுக்கும் பொதுவாக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் எஸ்க்யூஎல்லை ஏற்றுமதி செய்து முன்பதிவின் ஃபாரின் கீகளை வாசிக்கிறேன். இரண்டு இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள், இரண்டிலும் முதல் பெயர் கட்டட_எண். அதை ஒரு காலி டேட்டாபேஸில் ஓட்டி, கட்டடம், அறை, கருவி டேபிள்களை நிரப்பிவிட்டு, மூன்று முன்பதிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்: இரண்டாம் கட்டடத்தின் 304, ஒன்றாம் கட்டடத்தின் அறைக்கு நான்காம் கட்டடத்தின் புரொஜெக்டர், கருவியே கேட்காத ஒரு சாதாரண முன்பதிவு. முதல் இரண்டும் தடுக்கப்பட வேண்டும், மூன்றாவது உள்ளே போக வேண்டும். கடைசியில் அதே டேட்டாபேஸை மறுபடி வரைபடக் கருவிக்குள் இழுத்து, முன்பதிவுக்கும் அறைக்கும் நடுவே எத்தனை கோடு வருகிறது என்று பார்க்கிறேன்.